டிஸ்க்கில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. வேலூருக்குக் கிளம்பியவன், வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையோரம் ஒரு மெக்கானிக் கடை முன்னால் நிற்கிறேன். முன்பிரேக்கைத் தொட்டாலே பைக் அலறுகிறது. போன வாரம்தானே சர்வீஸ் விட்டேன் என்று, சம்பந்தமே இல்லாத கடைக்காரர் பஷீர் பாயிடம் எரிந்து விழுகிறேன்.

அவர் முன்சக்கரத்தைச் சுற்றுகிறார். பிரேக் டிஸ்க்கை விரலால் தடவி மோந்து பார்க்கிறார்.

"இன்னா சார், டிஸ்க்குல சந்தனம் கீது? யாரு வெச்சது?"

"என் பொண்ணு. ஆறு வயசு. வண்டி பூரா அவதான் பொட்டு வெச்சா."

"அதான் கத்துது. மழை பெஞ்சிருந்தா பிரேக் புடிக்காம வண்டி வழுக்கிகினு போயிருக்கும் சார்."

பிரேக் பேடுகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்கிறார். என் கோபம் மகள் பக்கம் திரும்புகிறது. அந்நேரம் பார்த்து, ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"அப்பா, வண்டி நல்லா ஓடுதா? சக்கரத்துக்குக்கூட நான் சாமி பொட்டு வெச்சேனே!"

பாயின் கை நின்றுவிடுகிறது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.

"சூப்பரா ஓடுதுடா கண்ணு."

நான் போனை வைத்த பிறகுதான் உப்புத்தாள் மறுபடி உரசத் தொடங்குகிறது.