கறை படாத தோல்

எங்கள் வீட்டு மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் தோல் காயப்போடும் வேலை செய்துவந்தோம். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோலை ஆம்பூர்க் கம்பெனி ஒன்று ஈரத்தோடு அனுப்பும். மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்திக் கொடுப்போம். காற்றோட்டம் வேண்டுமென்று நாலு பக்கமும் சுவர் வைக்கவில்லை. தூண்கள், அவற்றின்மேல் முக்கோண மரச்சட்டங்கள், அதற்கு மேலே சிமெண்ட் ஷீட். அதுதான் எங்கள் பிழைப்பு.

நாட்றம்பள்ளிப் பக்கம் கோடைக்காற்றில் ஒரு கொட்டகை அப்படியே சரிந்ததைக் கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போனது. இந்த மனிதரை நச்சரித்துத் தச்சரை வரவழைத்தேன். சட்டங்கள் வரிசையாக நிற்கின்றனவே தவிர, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எதுவுமில்லை என்றார் அவர்.

"ஒண்ணு சாஞ்சா எல்லாம் சாஞ்சிடும்மா. நடுவுல குறுக்கா மரம் அடிக்கணும்."

மரம் அடித்தால் இரண்டு வரிசைக் கழி போய்விடும். தோல் கம்மியானால் கம்பெனி வேறு மாடியைத் தேடிக்கொள்ளும் என்றார் என் வீட்டுக்காரர். அது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். மெல்லிய இரும்புக் கம்பி என்றால் இடத்தை அடைக்காது. ஆனால் எங்கள் தொழிலில் பட்டைத்தோலுக்குப் பக்கத்தில் யாரும் இரும்பைக் கொண்டுபோக மாட்டார்கள். ஈரத்தோலில் இரும்பு பட்டால் மையைக் கொட்டியதுபோலக் கறுத்துவிடும். கழிகளைக்கூட நார்க் கயிற்றால்தான் கட்டியிருந்தோம்.

கடைசியில் கம்பிக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டுவது என்று முடிவானது. சட்டத்துக்குச் சட்டம் பெருக்கல் குறிபோல இழுத்து முறுக்கினோம். நான் ஒரு சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தோலின் ஈரம் குழாய்க்குள் தங்கி, முறுக்கிய இடங்களில் துருத்தண்ணீராகச் சொட்டியது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த முறை வந்திறங்கிய லாட்டில் பாதித் தோலுக்கு மேல் கறுப்புப் புள்ளி. இன்னொரு முறை இப்படி வந்தால் தோல் அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார் கம்பெனி சூப்பர்வைசர். அவர் தெரு முனை திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் கட்டரை எடுத்துவிட்டார். வேண்டாம் என்றேன்.

"காத்து வருமோ வராதோ. கறை விழுந்தா நாளைக்கே சோறு இல்ல."

நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். கையிலிருக்கும் லாட் முடிந்ததும் மரமே அடித்துவிடலாம் என்றார். ஒரு லாட் முடிவதற்குள் அடுத்தது வந்து இறங்கியது. எந்த நாளும் கழிகள் காலியாக இருக்கவில்லை.

ஒரு மத்தியானம் செம்மண் புழுதியோடு காற்று வந்தது. காற்று கிளம்பினால் இந்தத் தொழிலில் யாரும் கூரையைப் பார்ப்பதில்லை, கை தானாகத் தோலுக்குப் போகும். அள்ளி அள்ளிக் கீழ் அறையில் போட்டோம். கடைசியாக அள்ளிய தோல்களோடு நான் படியில் இறங்கும்போது மேலே மரம் முறியும் சத்தம் கேட்டது. தெருப்பக்கச் சட்டம் முதலில் சாய, தச்சர் சொன்னபடியே மற்றவையும் ஷீட்டோடு ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்து விழுந்தன. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து ஒவ்வொரு தோலாக விரித்துப் பார்த்தார்.

"கறை ஒண்ணுகூட இல்லக்கா. ஃபர்ஸ்ட் குவாலிட்டி."

வண்டியில் ஏற்றிவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த லாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அவர் ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்றபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.