எங்க கம்பெனி இல்ல

வருகைப் பேராசிரியராக வேதியியல் கற்பிக்க ஜெர்மனிக்குப் போன புதிது. வீட்டுச் சாவி, பேருந்து அட்டை, கம்பளிக் கையுறை என்று நான் எழுதிவைத்த பட்டியலில் எல்லாவற்றையும் அடித்தாயிற்று. ஊர் பழகிவிட்டதாக நினைத்தேன்.

ஒரு காலை, வகுப்புக்குச் சற்று முன் கைபேசியில் செய்தி: சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. அம்மா அந்தப் பக்கம்தான் ஒரு கம்பெனியில் திரி செருகுகிறாள். வேலைக்கு வருபவர்களின் கைபேசியை ஆலை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அழைத்தேன்; எடுக்கவில்லை. எனக்குள் எதுவும் அசையவில்லை. பாடம் நடத்தினேன். ஒரு சமன்பாடும் பிழையாகவில்லை.

வெளியே வந்ததும் அம்மாவே அழைத்தாள்.

"எங்க கம்பெனி இல்ல தாயி. பக்கத்துக் கம்பெனி."

"அப்பாடா" என்றேன்.

அவள் மேலே சொன்னாள்:

"அங்கனதான் நம்ம எதிர்வீட்டு மாரியக்கா இருந்தா. போயிட்டா. நீ கெளம்பும்போது சேவு வாங்கியாந்து குடுத்தாளே."

அந்தச் சேவு இன்னும் என் அலமாரியில் பாதி இருந்தது.

எதிரே வந்த சக ஆசிரியை, "வீட்டிலிருந்தா? நல்ல செய்திதானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் காத்திருப்பது 'எங்க கம்பெனி இல்ல' என்ற வார்த்தைக்குத்தான். சிறுவயதிலிருந்தே அதைக் கேட்டதும் மூச்சுவிட்டுப் பழகியவள் நான். அப்படியானால் அது யார் வீட்டுக் கம்பெனி என்று அன்றுவரை நான் கேட்டதில்லை.