இருட்டறைச் செம்பு

பழவங்காடி போட்டோ ஸ்டூடியோவில் படம் பிடித்த கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவும் பிச்சுமணி எந்தப் பாத்திரத்திலும் வாய் வைக்கமாட்டார். செம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து, நேரே தொண்டையில் ஊற்றிக்கொள்வார். அன்று ஒரு கல்யாணத்தின் பிளேட்டுகள் படம் கழுவும் மருந்துத் தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டால் பாழ் என்று முதலாளி சத்தியதாஸ் இருட்டறைக் கதவை வெளியே தாழிட்டிருந்தார்.

உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. பிச்சுமணி தடவி எடுத்த செம்பில் இருந்தது தண்ணீரில்லை. மருந்து ஜாடி உடைந்துபோனதால் அவரே செம்பில் கரைத்து வைத்த மிச்சம். நாக்கில் படாமல் இறங்கியதால், தொண்டை எரிந்த பிறகுதான் தெரிந்தது.

"முதலாளி, கதவைத் திறங்கோ. மருந்தைக் குடிச்சுட்டேன்."

"நேத்து வயித்துவலின்னு திறக்க வச்சு காப்பி கிளப்புக்கு ஓடினீரு. இன்னைக்கு மருந்தா? கொள்ளாம் சாமி, நல்ல கதை."

"சத்தியமா எரியறது."

"இப்பத் திறந்தா மாப்பிள்ளையும் பொண்ணும் கரிக்கட்டை ஆயிருவாங்க. கொஞ்சம் பொறும்."

குடல் முறுக்கியது. குரலும் அடைத்துக்கொண்டது. இனித் தனக்காக இந்தக் கதவு திறக்காது என்று பிச்சுமணிக்குப் புரிந்தது. ஒரு பிளேட்டை எடுத்துக் கதவில் ஓங்கி எறிந்தார். கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டதும் வெளியே தாழ்ப்பாள் படாரென்று திறந்தது.

திட்டிக்கொண்டே நுழைந்த சத்தியதாஸ், தரையில் சுருண்டு வாந்தியெடுப்பவரைக் கண்டதும் வாயை மூடினார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

பிச்சுமணி பிழைத்தார். அந்தத் தம்பதிக்குத்தான் கல்யாணப் படமே இல்லை.