காப்பு கட்டியதும் நிறுத்திய மாத்திரை

எங்கள் ஊர் குளத்தூர் பக்கம். என் கணவருக்குத் திடீர் திடீரென்று வெறி பிடித்த மாதிரி கோபம் வரும். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையால் சில வருடங்களாகத்தான் வீட்டில் நிம்மதி.

இந்தப் பங்குனியில் நார்த்தாமலை அம்மனுக்குப் பால்குடம் எடுக்கக் காப்பு கட்டினார். "காப்பு கட்டிட்டு மாத்திரை போடக் கூடாது. ஆத்தா பாத்துக்குவா" என்று நிறுத்திவிட்டார். சாமி காரியம் என்பதால் நானும் தடுக்கவில்லை.

பால்குடத்துக்கு முதல் நாள், கொடியில் காய்ந்த அவருடைய மஞ்சள் வேட்டியை எங்கள் மகள் விளையாட்டாக இழுத்துக் கீழே போட்டுவிட்டாள். ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த அரிவாளை அப்படியே வீசினார். அது அவள் காதோரம் உரசிப் போய்க் கதவில் குத்தி நின்றது. அவரோ தரையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார், "நானாடி வீசுனேன்?"

அன்றே அவரைக் கூட்டிப்போனதும், மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். "மூளையில சில ரசாயனம் முன்னபின்ன ஆனா, கை நீள்றதுக்கு முன்னாடி யோசிக்க விடாதும்மா. மாத்திரைதான் அத சரிக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரேயடியா நிறுத்தலாமா?"

இப்போது விரதமோ திருவிழாவோ, மாத்திரையை விபூதித் தட்டில் வைத்து நானே கொடுக்கிறேன். அவரும் மறுக்காமல் விழுங்குகிறார். மகள் மட்டும், அப்பா கூப்பிட்டால் முதலில் அவர் கையைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போகிறாள்.