அத்தான் ஜீப்பைத் தூக்கிக் கட்டிய கதை

எங்கள் அத்தானுக்கு நல்லவர் என்று பெயர். நானும் ஒத்துக்கொள்கிறேன். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பதினாறு வயதில் லாரி கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, இப்போது மேட்டுக் குடியிருப்பிலிருந்து கீழே ஆஸ்பத்திரி வரைக்கும் ஆள் ஏற்றிச் சொந்த ஜீப் ஓட்டுகிறார். மழையில் யாராவது நனைந்துகொண்டு நின்றால் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார். இவ்வளவு நல்ல மனுஷன் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அக்காவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். வாரா வாரம் பிசியோதெரபிக்கு வரவேண்டும், விட்டால் இடது கால் மரத்துப்போய் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தானின் ஜீப்பில்தான் போய்வந்தாள். பழைய வண்டி. ஸ்பிரிங் பட்டைகள் ஓடி ஓடி இளகியிருந்ததால் பள்ளத்தில் இறங்கினாலும் மெத்தென்று இருக்கும். அக்கா ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு அடுப்படி வரை நடக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் ஜீப் ஸ்டாண்டில் ஆளாளுக்கு ஜீப்பைத் தூக்கிக் கட்ட ஆரம்பித்தார்கள். தடித்த ஸ்பிரிங் பட்டைகளும் நீளமான ஷாக் அப்சார்பரும் போட்டு, வண்டியின் உடம்பை நாலு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டுவது. காட்டிலும் பாறையிலும் ஓட்டுகிறவனுக்கு அது வேண்டியதுதான். அடியில் கல் தட்டாது. இவர் ஓட்டுவது குண்டும் குழியுமான தார் ரோடு. அங்கே இவருக்கு எந்தக் கல் தட்டியதாம்?

இருந்தும் தன் ஜீப்பையும் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, "கெத்தா இருக்குல்ல?" என்றார் என்னிடம். அறுபதை நெருங்குகிற வயதில் கெத்து!

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பார்த்ததுமே சொன்னேன். "அத்தான், இது பாரம் ஏத்துறதுக்குப் போடுற பட்டை. ஆள் கம்மியா இருந்தா வளைஞ்சே குடுக்காது. அப்படியே தூக்கிப் போடும்."

"போம்மா, வேன் ராணி! நானும் மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்தாச்சு. கப்பல் மாதிரி போகுது."

ஓட்டிப் பார்த்த லட்சணத்தைப் பிறகு விசாரித்தேன். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு பழக்கம். பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வருவார்கள். மூட்டை முதுகு வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுமா?

மூட்டையை இறக்கியதும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. பின்சீட்டுக்காரர்கள் பந்து மாதிரி எம்பினார்கள். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஆட்களை எடை பார்த்து ஏற்ற ஆரம்பித்தார். "அண்ணே, நீங்க பின்னாடி வாங்க. நீங்க உட்கார்ந்தாத்தான் வண்டி அமுங்கும்!" ஒல்லியான ஆளைக் கண்டால் முகம் சுண்டிப்போகும். கனமான ஆள் கிடைக்காத நாளில் மணல் மூட்டையே பிரயாணி. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய?

அக்காவால் முன்சீட்டுக்கு ஏற முடியவில்லை. அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்க வராது. பின்பக்கம் இரும்புப் படி இருக்கிறதே என்று, கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டு அங்கே ஏற்றினார். சில வாரம் போனாள். மேலே ஓடுகிற கைப்பிடிக் கம்பியில் பூப்போட்ட பழைய தலையணை உறையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "வீட்டுக்காரம்மா வண்டிக்கு அலங்காரம் பண்ணியிருக்கா, பாருங்கப்பா" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார் இவர்.

பிறகு அக்கா போவதையே நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் துணி ஊறவைத்திருக்கிறேன் என்றாள், ஒரு வாரம் தலைவலி என்றாள். "அவளுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு" என்றார் அத்தான். ஒரு நாள் நான் வீட்டுக்குப் போனபோது ஊன்றுகோல் மறுபடியும் அவள் கையில் இருந்தது.

"உண்மையைச் சொல்லு. அந்த ஜீப்தானே?"

"ஆசைப்பட்டுச் செஞ்சாருடி. விடு. அவர்கிட்ட எதையாவது சொல்லித் தொலைக்காதே."

விடுவேனா? நேராக வாசலுக்குப் போய், ஜீப்பிலிருந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக் கீழே தள்ளினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தானிடம் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"ஏறுங்க பின்னாடி."

"என்னது?"

"வண்டி வாங்குன நாளா ஒரு தடவையாவது பின்சீட்டுல உட்கார்ந்திருக்கீங்களா? ஏறுங்கன்னா ஏறுங்க!"

ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஏறினார். முகம் பார்த்து மீசை சீவுவதற்குத் தோதாக உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அதைப் பின்சீட்டு தெரிகிற மாதிரி திருப்பிவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி ரோட்டில் அவர் போகிற வேகத்தில்தான் போனேன். எந்தப் பள்ளத்தையும் தேடிப்போய் வண்டியை இறக்கவில்லை. முதல் வேகத்தடையிலேயே சிரிப்பு நின்றது.

"மெதுவா போம்மா, மெதுவா!"

"உங்க வேகம்தான் அத்தான் இது!"

அடுத்த பள்ளத்தில் அவர் தலை மேல்கம்பியில் 'ணங்' என்று இடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். தலையணை உறை சுற்றிய இடத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே அக்கா முன்னால் போய் நின்றார்.

"அந்த முதுகை வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா இதுல உட்கார்ந்து வந்தே?"

அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உட்காரலைங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னுக்கிட்டே வந்தேன்."

அத்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைச் சமாதானப்படுத்தப் போவதற்காக அக்கா ஊன்றுகோலைத் தேடினாள். அது என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அழட்டும்.