கதவைத் தட்டி எண்ணியவள்

முதலீட்டு நிதி செத்தால் யாரும் இரங்கல் விளம்பரம் கொடுப்பதில்லை. கெய்ரோவின் முதலீட்டுச் சங்கத்துக்காக இருபது ஆண்டுகளாக அந்த நிதிகளின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்துவரும் இக்லாஸுக்கு இது புரிய வெகுகாலம் ஆயிற்று. தொலைபேசியில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அடுத்த நிதிக்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். அதை நம்பி, போன ஆண்டு முப்பத்தொரு பெயர்களை அச்சிட்டாள். டமியெட்டா நகரில் தச்சுப்பட்டறை நடத்தும் ஒரு பெண் அத்தனை பேருக்கும் முதலீடு கேட்டு எழுதினாள். ஆறு மாதம் காத்திருந்தும் இருபது பேரிடமிருந்து பதிலே இல்லை.

இந்த ஆண்டு இக்லாஸ் கட்டடம் கட்டடமாகப் போய் வாயிற்காவலர்களிடம் கேட்டாள். கார்டன் சிட்டி வட்டாரக் கட்டடம் ஒன்றில் காவலர் பஷந்தி நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"நாலாம் மாடி நிதி ஆபீஸுக்கு ஆள் வர்றாங்களா, பெரியப்பா?"

"பேர்ப்பலகை இருக்கு, மேடம். அதைத் தொடைக்கத்தான் எனக்குச் சம்பளம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஃபூல் பயறு வாங்கியான்னு ஒருத்தர் கூப்பிட்டு ரெண்டு ரமலான் ஆச்சு."

கடைசியில் தேறியவை பதினொன்று. ஆனால் அவை திரட்டிய மொத்தப் பணமோ முன்னைவிட அதிகம். கைகள் குறைந்தும் பணம் எப்படிக் கூடும்? விடாமல் தோண்டினாள். பத்து பவுண்டில் எட்டு, மூன்றே நிதிகளுக்குப் போயிருந்தது. பணம் போடுகிறவர்கள் ஏற்கெனவே பெருத்தவர்களையே தேடிப் போனார்கள். புதியவர்களுக்குக் கதவே திறக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் வஜீஹை எல்லோரும் மரியாதையாக 'பே' என்பார்கள்; அவருக்குப் பட்டியலின் நீளம்தான் கவலை. "பதினொண்ணுன்னு போட்டா சந்தை படுத்துருச்சும்பாங்க. பழைய பேரெல்லாம் இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"மூணு பேர் சாப்பிடுற விருந்துக்கு முப்பத்தொரு தட்டு வச்சு ஊரைக் கூப்பிடணுமா, பே? வந்தவங்க பசியோட திரும்பினா அது நஷ்டமில்லையா?"

அவர் மசியவில்லை. மசிய வைத்தவர்கள் பணத்தில் பெருத்த அந்த மூன்று நிதிக்காரர்கள். பட்டியல் சுருங்கியது அவர்களுக்கு வெற்றிப் பத்திரமாகத் தெரிந்தது. கூடுதலாக இருநூறு பிரதி கேட்டார்கள். தான் சொன்ன உண்மை அவர்களுக்கு இனித்ததால்தான் அச்சேறுகிறது என்பது இக்லாஸுக்குக் கசந்தது. உடனே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்களைச் சேர்த்தாள்: கையில் உள்ள தொகை, சிறு தொழில்களுக்குக் கொடுத்த தொகை. அந்த மூன்று பெரிய நிதிகளின் இரண்டாம் எண் சுழியம்.

மாலையில் வஜீஹ் பே தொலைபேசியில் கெஞ்சினார்.

"அந்த எண்ணையாவது எடுத்துடும்மா."

"எந்த எண் தப்புன்னு சொல்லுங்க, பே. மாத்திடறேன்."

மறுமுனையில் அவர் தப்பான எண்ணைத் தேடிப் பட்டியலைப் புரட்டும் ஓசை கேட்டது. இக்லாஸ் திருத்தத் தயாராகப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.