மூன்றாவது வாழைமரம்

மூன்றரை மணிக்கு மூன்றாவது வாழைமரத்தை அவிழ்க்கச் சொன்னது நான்தான்.

பொழுதுபோக்குப் பூங்காவில் தண்ணீரோடு சறுக்கி விழும் மரப்படகுச் சவாரியை மாற்றிக் கட்டப்போகிறார்களாம். இன்று காலை என் மகள் அதைப்பற்றித் தோழியிடம் ஃபோனில் வாதாடினாள். "பழைய படகு ரொம்பக் கனம்டி. லேசா இருந்தாத்தான் பறக்கும்." காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலில் சேறு மணக்க ஓடும். தார் வெட்டிய வாழைமரங்களைக் கயிற்றால் பிணைத்து, மதகுக்குக் கீழே தண்ணீர் குதிக்கும் இடத்தில் சறுக்குவோம். சட்டையில் பட்ட வாழைக்கறையைப் பெரியம்மா எலுமிச்சையால் தேய்ப்பார்.

"மூணே இருக்கட்டும், புரளாது" என்றான் அன்று பெரியம்மா மகன் பழனி.

"பயந்தாங்கொள்ளி. ரெண்டுன்னாத்தான் பறக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே அவிழ்த்தான், ஏறினான். மரங்கள் புரண்டன. நுரைக்குள்ளிருந்து அவன் எழவில்லை. கயிறு அவிழ்ந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொன்னேன்.

பொழுது இறங்கும்போது, மதகு திறந்து மூடும் லஸ்கர் வந்தார். எங்கள் தெப்பத்தை இழுத்துவந்து பெரியம்மா முன்னால் போட்டார்.

"பையனைக் காணமுங்க ஆத்தா. கட்டு அவுழவே இல்லீங்க. இன்னொரு மரம் சேத்தியிருந்தாப் புரண்டிருக்காது."